விலை கொடுக்காத வீரன்: ‘தி பிளாக் கால்ட்ரன்’ படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்



நூலிலிருந்து திரைக்குப் போகும் கதைகளைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பரந்த பொருள் இது. பல படங்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒரே படத்தின் முன் நின்று பார்ப்பது பயன் தரும் என்று நினைத்தேன். நான் எடுத்துக்கொண்டது 1985 ஜூலை 24 அன்று அமெரிக்காவில் வெளியான ‘தி பிளாக் கால்ட்ரன்’. டிஸ்னியின் 25ஆவது முழுநீள அனிமேஷன் படம். ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்லப்படும் அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டியது சுமார் 2 கோடியே 13 லட்சம் டாலர்தான். பொம்மைக் கரடிகளை வைத்து மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு அதே ஆண்டு வந்த ‘கேர் பேர்ஸ்’ படம் அதைவிடக் கூடுதலாக வசூலித்தது. டிஸ்னி இந்தப் படத்தைத் தன் சொந்த நாட்டில் வீடியோவாக வெளியிட 1998 வரை ஆயிற்று.

தோற்ற படத்தை எதற்காக இவ்வளவு தூரம் எடுத்துவர வேண்டும்? அது அக்கறையில்லாமல் எடுத்த படம் அன்று என்பதுதான் காரணம். 1959இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’க்குப் பிறகு டிஸ்னி அகன்ற 70 மி.மீ. வடிவத்துக்குத் திரும்பியது இதற்காகத்தான். கணினி வரைகலையை அந்த நிறுவனம் தன் அனிமேஷன் படங்களில் கையாளத் தொடங்கியதும் இங்கேதான். எல்மர் பெர்ன்ஸ்டைன் இசையமைத்தார். கொம்பு மன்னன் என்னும் வில்லனுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் ஹர்ட். ஓய்வு பெற்றிருந்த மில்ட் கால் போன்ற மாமேதை வந்து பாத்திரங்களுக்கு ஆரம்ப வடிவம் வரைந்து கொடுத்தார். நூல்களின் உரிமைக்கு முதல் ஒப்பந்தம் போட்டது 1971இல். படம் திரைக்கு வந்தது 14 ஆண்டுகள் கழித்து. இத்தனை உழைப்பும் திறமையும் சேர்ந்த இடத்தில் எது இல்லாமல் போயிற்று என்று பார்ப்பது, கதை சொல்ல வரும் எவருக்கும் பாடம்.

இந்தப் படத்தைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக இரண்டைச் சொல்வார்கள். நாயகன் டாரன் சப்பென்று இருக்கிறான் என்பது ஒன்று. இயக்கம் ஒரு சீராக இல்லை, ஒரு காட்சி பயமுறுத்துகிறது, அடுத்த காட்சி குழந்தைகளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறது என்பது மற்றொன்று. முன்னது திரைக்கதை எழுதியவர்களின் தவறு, பின்னது இயக்குநர்களின் தவறு என்று பிரித்தும் விடுவார்கள். எனக்கு அந்தப் பிரிவினையில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே குறை. நாயகன் வெறுமையாக இருந்ததால்தான் இயக்கம் சிதறியது. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் மூல நூல். லாய்டு அலெக்சாண்டர் பிலடெல்பியாக்காரர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து, பயிற்சிக்காக வேல்ஸ் நாட்டுக்குப் போனார். அந்த நிலத்தின் கோட்டைகளும் மலைகளும், ‘மாபினோகியான்’ என்னும் பழைய வெல்ஷ் கதைத்தொகுதியும் அவர் மனத்தில் தங்கிவிட்டன. அதிலிருந்து ப்ரிடைன் என்ற கற்பனை நாட்டை உருவாக்கி, 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நாவல்கள் எழுதினார். அவற்றில் இரண்டாவதுதான் ‘தி பிளாக் கால்ட்ரன்’. நிறைவு நூலான ‘தி ஹை கிங்’ 1969இல் நியூபெரி பதக்கம் பெற்றது. சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் தரப்படும் மிக உயர்ந்த மரியாதை அது. டிஸ்னி படம் முதல் இரண்டு நூல்களைக் கலந்து செய்தது.

நூல்களின் நாயகன் டாரன் ஒரு பண்ணையில் வளரும் அநாதைச் சிறுவன். குறிசொல்லும் வெள்ளைப் பன்றி ஒன்றைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவனுக்குக் கிடைத்த பட்டமே ‘உதவிப் பன்றி மேய்ப்பன்’. அவனுக்கு வாள் வேண்டும், போர் வேண்டும், புகழ் வேண்டும். வாய்த்துடுக்கும் அவசரமும் கொண்ட பையன். ஐந்து நூல்களிலும் அலெக்சாண்டர் அவனுக்குச் செய்வது ஒன்றைத்தான்: அவன் ஆசைப்பட்டதை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கிறார், அதைவிட அருமையான ஒன்றைக் கொடுத்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும் என்று நிறுத்துகிறார்.

இரண்டாம் நூலில் வரும் பேரத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இறந்தவர்களை எழுப்பிப் பேச்சில்லாத படைவீரர்களாக்கும் கொப்பரை ஒன்று இருக்கிறது. அது மோர்வா சதுப்பு நிலத்தில் மூன்று சூனியக்காரிகளிடம் இருக்கிறது. அதை வாங்கினால்தான் அழிக்க முடியும். வழியில் அடேயன் என்ற இளம் வீரன் இறந்துபோகிறான். அறிவும் அமைதியும் நிறைந்தவன் அவன். சாகும்முன் தன் மார்புப் பதக்கத்தை டாரனுக்குக் கொடுக்கிறான். அதை அணிந்த நாள் முதல் டாரனுக்கு உலகம் வேறுமாதிரி தெரியத் தொடங்குகிறது. கனவுகள் வருவதை உரைக்கின்றன, வழி புரிகிறது, இதுவரை கவனிக்காத சின்னச் சின்ன அழகுகள் கண்ணில் படுகின்றன. அவசரக்காரப் பையன் முதல்முறையாக ஞானம் என்றால் என்ன என்று ருசி பார்க்கிறான். சூனியக்காரிகளோடு பேரம் நடக்கும்போது தோழர்கள் ஆளுக்கொன்றாகத் தங்கள் அருமைப் பொருள்களை நீட்டுகிறார்கள். எதுவும் செல்லுபடியாகவில்லை. கடைசியில் டாரன் அந்தப் பதக்கத்தைக் கழற்றித் தருகிறான். அதைத் தந்ததும் தான் பழையபடி ஒன்றும் தெரியாத பையனாகிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே தருகிறான்.

அதோடு விட்டாரா ஆசிரியர்? கொப்பரையை இழுத்துக்கொண்டு வரும் வழியில் அது ஆற்றில் சிக்கிக்கொள்கிறது. டாரன்மேல் பொறாமை கொண்ட எலிடிர் என்ற அரசகுமாரன் வருகிறான். உதவுகிறேன், ஆனால் கொப்பரையைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும், சத்தியம் செய் என்கிறான். டாரன் சத்தியம் செய்கிறான். ஞானம் போயிற்று; இப்போது புகழும் போயிற்று. கடைசியில், உயிரோடு ஒருவர் தாமாக உள்ளே குதித்தால் மட்டுமே உடையும் அந்தக் கொப்பரைக்குள் குதிப்பவனும் அந்த எலிடிர்தான். கர்வத்தால் கெட்டவன் தன் கர்வத்துக்கான கடனைத் தீர்க்கிறான். கொப்பரையை உடைத்த பெருமைகூட டாரனுக்கு இல்லை. ஆனால் நூலை மூடும்போது நம் மனத்தில் உயர்ந்து நிற்பவன் யார்? டாரன்.

படத்தில் என்ன நடக்கிறது? கொம்பு மன்னனின் கோட்டைக்குக் கீழே, பழைய அரசன் ஒருவனின் கல்லறையில் கிடக்கும் வாளை டாரன் எடுக்கிறான். மந்திர வாள் அது. அவன் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும், அதுவே சண்டையிடுகிறது; எதிரியின் ஆயுதத்தைப் பிளக்கிறது; கோட்டைப் பாலத்தின் சங்கிலியை அறுக்கிறது. பிறகு சூனியக்காரிகளிடம் கொப்பரைக்கு விலையாக அந்த வாளைத் தருகிறான். முகத்தைச் சோகமாக வரைந்திருக்கிறார்கள். பின்னணி இசையும் கனக்கிறது. பார்ப்பவருக்கோ எதுவும் கனக்கவில்லை. ஏனென்றால் அந்த வாள் அவன் உழைத்துப் பெற்றதல்ல. அவனை மாற்றியதும் அல்ல. சற்றுமுன் கண்டெடுத்த பொருளைச் சற்றுப்பின் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். அடேயன் இல்லை, எலிடிர் இல்லை, சத்தியம் இல்லை. கொப்பரைக்குள் குதிப்பது குர்கி என்னும் மயிரடர்ந்த குட்டிப் பிராணி. டாரனுக்கு நண்பர்கள் பலர், எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு அது குதிக்கிறது. படத்தில் உண்மையாகவே நெஞ்சைத் தொடும் இடம் அதுதான். அது நாயகனுக்கு உரிய இடமாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முடிவில் சூனியக்காரிகள் வாளைத் திருப்பித் தர முன்வரும்போது, பன்றி மேய்க்கும் எனக்கு வாள் எதற்கு, என் குர்கியைத் தாருங்கள் என்கிறான் டாரன். அலெக்சாண்டரின் நூலுக்கு மிக அருகில் வந்து நிற்கும் இடம் இது. எழுதியவர்களுக்குக் கதையின் உயிர்நிலை தெரிந்திருக்கிறது. ஆனால் உடனே குர்கி எழுந்துவிடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். உண்மையில் கொடுத்த ஒரே விலையும் திரும்பி வந்துவிட்டது.

தொல்காப்பியம் படித்த அவையில் நிற்பதால் ஒன்றை நினைவூட்டலாம். மெய்ப்பாட்டியலில் உணர்ச்சி வெளிப்பாடுகளான எண்வகை மெய்ப்பாடுகளை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை தொல்காப்பியர். ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறார். பெருமிதம், அதாவது வீரம், பிறக்கும் களன்களாக அவர் வைப்பவை கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. வீரத்தை அஞ்சாமையோடு நிறுத்தாமல், கற்பதையும் கொடுப்பதையும் அதற்குப் பக்கத்தில் வைத்த பார்வை அது. வெல்ஷ் கதைகளில் தோய்ந்த அமெரிக்க எழுத்தாளர் தொல்காப்பியத்தைக் கண்டிருக்க வழியில்லை. ஆனால் டாரனை அவர் நடத்திச் செல்லும் பாதை இதுவேதான்: கற்கிறான், கொடுக்கிறான், அதனால் பெருமிதம் கொள்ளத் தக்கவனாகிறான். படமோ நான்கு களன்களில் அஞ்சாமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் வாளிடம் ஒப்படைத்துவிட்டது. மெய்ப்பாடு பிறக்க நிலைக்களன் இல்லை. முகத்தில் மட்டும் எப்படி வரும்? அனிமேஷனில் நடிகரின் கண்ணும் மூச்சும் தற்செயலாக எதையும் சேர்க்காது. வரைபவர் நினைத்தது மட்டுமே தாளில் வரும். ஆகவே பாத்திரத்தின் உள்ளே எதுவும் இல்லையென்றால், நேரடிப் படத்தைவிட இங்கே அது மிக வேகமாக வெளிப்பட்டுவிடுகிறது.

இப்போது இயக்கத்துக்கு வருகிறேன். படத்துக்கு இயக்குநர்களாகப் பெயர் போடப்பட்டவர்கள் டெட் பெர்மன், ரிச்சர்டு ரிச். தயாரிப்பாளர் ஜோ ஹேல். வழியில் ஜான் மஸ்கர் போன்ற இளைஞர்கள் வந்து, கருத்து ஒத்துப்போகாமல் விலகி வேறு படத்துக்குப் போனார்கள். டிம் பர்ட்டன் வரைந்த விசித்திரமான பாத்திர ஓவியங்கள் ஏற்கப்படவில்லை. 1979இல் டான் புளூத் தலைமையில் அனிமேட்டர்கள் பலர் நிறுவனத்தைவிட்டே வெளியேறியிருந்தார்கள். பழைய தலைமுறை ஓய்வு பெறுகிறது, புதிய தலைமுறை இன்னும் நம்பிக்கை பெறவில்லை. அந்த இடைவெளியில் பிறந்த படம் இது.

பலர் சேர்ந்து இயக்குவதே தவறு என்று நினைத்துவிடக் கூடாது. 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தையும் பகுதி பகுதியாகப் பலர் இயக்கினார்கள். டேவிட் ஹேண்ட் மேற்பார்வை பார்த்தார். ஆனால் ஒவ்வொரு பகுதியும் யாருடைய கதையைச் சொல்கிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ள வால்ட் டிஸ்னி என்ற மனிதர் இருந்தார். 1966இல் அவர் மறைந்தார். அவர் இடத்தில் ஒரு மனிதர் வராமல் போனால்கூடப் பரவாயில்லை, ஒரு பாத்திரம் வந்திருக்கலாம். இந்தக் காட்சியில் டாரன் எதை இழக்கிறான், எதைப் புரிந்துகொள்கிறான் என்ற கேள்வி ஒன்று போதும், பத்து இயக்குநர்களையும் ஒரே திசையில் நிறுத்த. அந்தக் கேள்விக்கு இங்கே பதிலே இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தத்தமக்குப் பிடித்ததைக் கொண்டு காட்சியை நிரப்பினார்கள்.

சதுப்பு நிலக் காட்சியையே பாருங்கள். படத்தின் முக்கியமான பேரம் நடக்கப்போகிறது. அதற்கு முன் பாணன் ஃப்ளூடரைச் சூனியக்காரி ஒருத்தி காதலிக்கிறாள்; அவன் தவளையாகிறான்; அவள் சட்டைக்குள் மார்பிடுக்கில் சிக்கித் தவிக்கிறான். அந்தக் கேலி முடிந்த கையோடு, வாளைத் துறக்கும் தியாகம். கொம்பு மன்னனின் கோட்டையிலோ நிறமும் நிழலும் அற்புதமாக இருக்கின்றன. பிணங்கள் பச்சைப் புகையிலிருந்து எழுந்து வருவது இன்றைக்கும் அச்சம் தரும் காட்சி. அதே கோட்டையில் க்ரீப்பர் என்ற அடியாள் கழுத்து நெரிபட்டுக் கோமாளித்தனம் செய்கிறான். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் காட்சியிலும் கைத்திறன் குறையவில்லை. அச்சமும் நகையும் ஒரே கதையில் வரக்கூடாது என்றும் இல்லை. அலெக்சாண்டரிடமே இரண்டும் உண்டு. ஃப்ளூடர் பொய் சொன்னால் அவன் யாழின் நரம்பு அறுந்துவிடும் என்பது அவர் கற்பனைதான். நூலில் எல்லாவற்றையும் டாரனின் கண் வழியாகப் பார்க்கிறோம். அவன் பயந்தால் பயம், அவன் சிரித்தால் சிரிப்பு. படத்தில் பார்க்கும் கண் யாருடையது என்று முடிவாகவில்லை.

இந்த நிலையில்தான் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் வருகிறார். 1984இல் ஸ்டூடியோவின் தலைவரானவர், ஏறக்குறைய முடிந்திருந்த படத்தைப் பார்த்து, இருட்டு அதிகம், குழந்தைகள் பயப்படுவார்கள், வெட்டுங்கள் என்றார். நேரடிப் படத்தில் ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்து வைத்திருப்பார்கள். ஒன்றை நீக்கினால் மற்றொன்றை வைத்து ஒட்டலாம். அனிமேஷனில் அப்படி உபரிப் படச்சுருள் கிடையாது. நொடிக்கு 24 சட்டங்கள். எத்தனை நொடி வேண்டுமோ அத்தனைக்குத்தான் வரைவார்கள். வெட்டிய இடம் வெட்டிய இடமாகவே நிற்கும். இதைச் சொல்லியும் கேட்காமல் அவரே படத்தொகுப்பு அறையில் இறங்கினார். 1984 கிறிஸ்துமஸுக்கு வர வேண்டிய படம் அடுத்த ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. கடைசியில் சுமார் 12 நிமிடங்கள் போயின. பிணப்படை எழும் இடத்தில் பெர்ன்ஸ்டைனின் இசை திடீரென்று தாவுவதைக் காது உள்ளவர்கள் கேட்கலாம்.

காட்ஸன்பெர்க் கெடுத்தார் என்று பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போவது எளிது. அந்த 12 நிமிடங்கள் திரும்பக் கிடைத்தால் பயம் கூடும், தாவல் குறையும். டாரன் நிறைவானவனாக மாட்டான். அவன் வெறுமை கத்தரி படுவதற்கு முன்பே, ஆண்டுகளுக்கு முன்பே, கதைப்பலகையில் தீர்மானமாகிவிட்டது.

மூலத்தை மாற்றியதால் வந்த வினை என்றும் சொல்ல மாட்டேன். எய்கோ கடோனோ 1985இல் எழுதிய ‘கிகி’ நாவலை ஹயாவோ மியாசாகி 1989இல் படமாக்கியபோது, பறக்கும் ஆற்றலையே இளம் சூனியக்காரி கிகி இழக்கும் நெருக்கடி ஒன்றைச் சேர்த்தார். நூலில் இல்லாதது அது. ஆனால் அந்தச் சேர்க்கையால்தான் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி முழு மனுஷியாக நம் முன் நிற்கிறாள். அங்கே மாற்றம் நாயகியிடமிருந்து ஒன்றைப் பறித்தது. இங்கே மாற்றங்கள் எல்லாம் நாயகன் எதையும் இழந்துவிடாமல் பார்த்துக்கொண்டன.

எதிர்த்திசையில் போய்த் தடுமாறிய படமும் உண்டு. அர்சுலா லெ குவினின் எர்த்சீ நூல்களை கோரோ மியாசாகி 2006இல் படமாக்கினார். அதில் அரசகுமாரன் அரென் தொடக்கத்திலேயே தன் தந்தையைக் கத்தியால் குத்துகிறான். நூலில் அந்தத் தந்தையே அவனைச் செய்தி சொல்லி அனுப்பிவைக்கிறார். ஏன் குத்தினான் என்பதற்குப் படம் முழுவதும் மனத்தில் நிற்கும் காரணம் கிடைப்பதில்லை. லெ குவினும் இதைக் குறையாக எழுதினார். அத்தனை பெரிய குற்றத்தைத் தலையில் ஏற்றியும் அரென் கனமாகவில்லை. நிகழ்ச்சி பெரிதாக இருந்தால் பாத்திரம் ஆழமாகிவிடாது. அதன் வேர் அவனுக்குள் ஓட வேண்டும். அங்கேயும் இயக்கம் சீராக இல்லை: வானத்தையும் வயல்களையும் நின்று ரசிக்கும் நீண்ட அமைதி, பிறகு திடுமென்று கை துண்டாகும் வன்முறை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மனம் அரெனிடம் இல்லை.

அலெக்சாண்டர் பெருந்தன்மையானவர். படத்துக்கும் நூலுக்கும் ஒட்டுறவு இல்லை, தனிப் படமாகப் பார்த்தால் ரசித்தேன் என்ற பொருளில் பேட்டியில் சொன்னார். பார்த்தவர்கள் நூலையும் தேடிப் படிப்பார்கள் என்று நம்பினார். 2007இல் காலமானார்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் அனிமேஷன் படிப்பில் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். இந்த நூல்களை என்றாவது நீங்கள் கையில் எடுத்தால் போர்களிலிருந்து தொடங்காதீர்கள். நான்காவது நூலான ‘டாரன் வாண்டரர்’ நூலிலிருந்து தொடங்குங்கள். கொம்பு மன்னனும் கொப்பரையும் இல்லாத நூல் அது. தன் பெற்றோர் யார் என்று தேடி அலைகிறான் டாரன். க்ரடாக் என்னும் ஊனமுற்ற ஏழை இடையன், நான்தான் உன் தந்தை என்கிறான். அரச குலத்துப் பிள்ளையாக இருப்போம் என்று கனவு கண்டவனுக்கு அது இடியாக விழுகிறது. அந்தக் கிழவன் மலைச்சரிவில் விழுந்து கிடக்கும்போது, விட்டுவிட்டுப் போய்விடலாமா என்ற எண்ணம் ஒரு கணம் டாரன் மனத்தில் வருகிறது. வந்ததற்காகக் கூனிக்குறுகுகிறான். பிறகு கொல்லனிடமும் நெசவுக்காரியிடமும் வேலை கற்கிறான். கடைசியில் ஆன்லா என்ற குயவனிடம் வருகிறான். சக்கரத்தில் மண் எழுவதைப் பார்த்ததும், வாழ்நாள் முழுக்க இதையே செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. கற்றுக்கொள்கிறான், பானையும் வனைகிறான். ஆனால் தன் கைக்கு அந்த வரம் இல்லை என்பதையும் அங்கேயே கண்டுகொள்கிறான். உயிராக நேசிக்கும் தொழில் தனக்கு வராது என்று ஒருவன் உணரும் அந்த முகத்தை வரைந்து பாருங்கள். சுழலும் சக்கரம், கையில் எழுந்து சரியும் ஈர மண், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனின் கண். அனிமேஷன் கலைக்கே ஏற்ற காட்சி. இதை முதலில் வரைந்து முடித்துவிட்டு, பிறகு கொம்பு மன்னனிடம் போங்கள்.